கண்ணு பின்னாடிதான் வரும்

"தூங்காத கண்ணால பார்த்ததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன் மொதலாளி" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவன் ஒரே ஒரு ஆள்தான். அவனை வேலையை விட்டு அனுப்பிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் திரும்பப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கெலமங்கலம் ரோட்டில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, எவனோ கழித்துப் போட்ட லேத்தை வாங்கி வைத்து ஆரம்பித்தேன். இன்றைக்கு ஓசூரில் மூன்று ஷெட் ஓடுகிறது. ஜெர்மனிக்காரன் என் சாமானை வாங்குகிறான், அமெரிக்காக்காரன் வாங்குகிறான். டை கட்டினவன் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து, கடைசியில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். யாரும் என்னிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை கேட்டு வந்த இவன் சொன்னான்.

அவன் வேலை கடைசிச் செக்கிங். நாங்கள் செய்வது பிரேக்குக்குள் உட்காரும் ஒரு சின்ன இரும்புச் சாமான். உள்ளங்கையில் அடங்கும். நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு சின்ன ஓட்டை. இரண்டும் சேருகிற இடத்தில் தலைமுடி மாதிரி இரும்புப் பிசிறு ஒட்டிக்கொண்டு நிற்கும். அது உள்ளே இருந்தால் சாமான் செத்தது. கேஜை விட்டுப் பார்த்தால் அளவு சரியாகத்தான் காட்டும். பிசிறைக் கண்ணால் மட்டும்தான் பிடிக்க முடியும். டார்ச்சை அடித்து, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இவன் ஒரு திருப்பில் பிடிப்பான். நான் பார்த்தவரை ஓசூரில் அப்படிப்பட்ட கண் இன்னொன்று இல்லை. இதை நான் அப்போதே அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்பளம் ஏற்றச் சொல்வான்.

ஷாப்பில் எல்லோரும் அவனை ஊசி என்று கூப்பிடுவார்கள். சட்டைக் காலருக்கு உள்பக்கம் ஒரு ஊசி குத்தியிருப்பான், கூடவே ஒரு முழம் வெள்ளை நூல். காலையில் மேஜைக்கு வந்ததும் டார்ச்சைத் தொட மாட்டான். முதலில் ஊசியை எடுத்து நூல் கோர்ப்பான். ஒரே குத்தில் நூல் போனால் வேலையை ஆரம்பிப்பான். இரண்டு குத்து ஆனால் முகத்தைக் கழுவிவிட்டு வருவான். மூன்று ஆனால், "இன்னிக்கு வேற வேலை குடுங்க, பெட்டி அடுக்கறேன்" என்பான். ஜுரம் வந்து தேறிய ஒரு நாள் நிஜமாகவே பெட்டிதான் அடுக்கினான். அந்தத் திமிரை எப்படிச் சொல்வது!

தனக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் செக்கிங்குக்கு வருகிறவன் யாராக இருந்தாலும் முதல் கேள்வி, "தூங்கினியா?" ஒரு தடவை என் சொந்த மச்சான், தர்மபுரியில் ஏதோ கல்யாணத்துக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்துவிட்டு நேராக ஷிப்டுக்கு வந்தான்.

"தூங்கினீங்களா?"

"பஸ்ல தூங்கினேன்யா."

"பஸ்ஸு தூங்கிச்சு, நீங்க எங்க தூங்கினீங்க? போயிட்டு நாளைக்கு வாங்க."

மச்சான் என்னிடம் வந்து குதித்தான். நான் மச்சானைத்தான் திட்டினேன். அந்த நாளில் எனக்கு ஊசி தேவைப்பட்டான்.

வெளிநாடு போகிறவர்களுக்கு நேரம் மாறி உடம்பு குழம்புகிற சங்கதி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதெல்லாம் கிடையாது. இறங்கினால் ஷூவைத் துடைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விடுவேன். ஜெர்மனிக்கு முதல் தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது அப்படித்தான் போனேன். மீட்டிங்கில் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன், உண்மைதான். குறட்டை விட்டேன் என்று அவன் சொன்னது பொய்.

அவன் வழியே வேறு. ஓசூரிலிருந்து ராகி மாவு கொண்டுவந்தான். ஓட்டல் ரூமில் காபிக்கு வைத்திருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, டம்ளரில் களி கிண்டினான். விமானத்தில் கொடுத்த எதையும் தொடவில்லை. "இவங்க நேரத்துக்குச் சாப்பிட்டா வயிறு ஒரு ஊருல இருக்கும், நான் ஒரு ஊருல இருப்பேன்" என்றான். கைக்கடிகாரத்தில் ஓசூர் நேரத்தை மாற்றவே இல்லை. பகலில் கட்டில் பக்கமே போகாமல், ஓட்டல் கார் நிறுத்துகிற இடத்தைக் கோவில் பிரகாரம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான். முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நடந்தான். பத்தாவது சுற்றில் ஓட்டல்காரி வெளியே வந்து, கார் எதுவும் காணவில்லையா என்று கேட்டாள்.

"கண்ணுக்கு வெயில் காட்டறேன்னு சொல்லுங்க மொதலாளி" என்றான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன். அந்தம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு ராத்திரி அந்த ஊர் நேரத்துக்கு முழுசாகத் தூங்கி எழுந்த பிறகு, மூன்றாம் நாள் காலையில் ஊசியை எடுத்தான். ஒரே குத்து. அப்புறம்தான் கடிகாரத்தை மாற்றினான். "உடம்பு முன்னாடி வந்துடும் மொதலாளி. கண்ணு பின்னாடிதான் வரும். ரெண்டு ராத்திரி குடுத்தா வந்து சேர்ந்துக்கும்" என்றான். அன்றைக்கு ஜெர்மனிக்காரன் வேண்டுமென்றே கெட்ட சாமானை நல்லதோடு கலந்து கொடுத்தான். இவன் கெட்டதை ஒன்று விடாமல் எடுத்து மேஜையில் தனியாக வைத்தான். ஜெர்மனிக்காரன் அவனுக்குக் கை கொடுத்துவிட்டு, அப்புறம்தான் எனக்குக் கொடுத்தான். அதை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளில் என் சாமானுக்கு அவன் கையெழுத்தைத்தான் கேட்டார்கள். பேப்பரில் அவன் பேரைப் போட்டுவிட்டார்கள். என் கம்பெனி, என் லேத், என் இரும்பு. கையெழுத்து மட்டும் அவனுடையது.

அமெரிக்காவில் ஒரு குளிர்காலம். அவன் பார்க்காமல் நான் அவசரத்தில் அனுப்பின சாமானில் பிசிறு இருக்கிறது என்று மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதைப் பிரித்து, பெட்டிக்குப் பெட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நானும் அவனும் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன்னால் ஓசூரில் இருந்த மிச்சச் சாமானைப் பார்த்து முடிக்க வேண்டியிருந்ததால் அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை. போய் இறங்கினால் சூரியனும் இல்லை. வானம் அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"எதுக்கு மொதலாளி முகத்தைக் காட்டறது?" என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டான். இரண்டு சுற்று நடந்தான், பனியில் வழுக்கி விழுந்தான். ரூமுக்குப் போய்ப் பகல் பதினொரு மணிக்குச் சட்டையோடு கட்டிலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

நான் மட்டும் கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சிரித்த முகத்தோடு சொன்னான்: நாளைக்குக் காலை ஆறு மணிக்கு லாரி கிளம்பும். அதற்குள் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் ஏறவில்லை என்றால் இனிமேல் உன் சாமானே வேண்டாம், வேறு ஆள் ரெடியாக இருக்கிறான். அப்போது எனக்கு அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் இரண்டாவது ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. இவனை எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வான் என்று தெரியும். இரண்டு ராத்திரி கழித்துத்தான் என்பான். கெஞ்சினாலும் அதுதான், மிரட்டினாலும் அதுதான். மச்சானையே அவன் திருப்பி அனுப்பினதைப் பார்த்தவன் நான்.

டாக்ஸியில் திரும்பி வரும்போதுதான் யோசனை வந்தது. சாயங்காலம் ஐந்து மணி. வெளியே பாதி இருட்டு, வண்டிகளெல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. விடிகாலை ஐந்தரைக்கு ஓசூர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்தக் கம்பெனியில் இரண்டே ஷிப்ட், காலை ஆறு, மாலை ஆறு. இவன் கையில் கட்டியிருப்பது ஓசூர் நேரம் காட்டுகிற முள் கடிகாரம். அதற்கு ராத்திரி பகல் தெரியாது. அவன் செல்போனோ என் ரூமில் சார்ஜில் இருக்கிறது. அந்த ஊர் பிளக்குக்குச் சேருகிற ஜாக்கு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

இப்படி யோசிக்க எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அவன் ரூமுக்குப் போய், கட்டில் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மணி காட்டிக்கொண்டிருந்த கரண்டுக் கடிகாரத்தின் வயரை முதலில் பிடுங்கினேன். அப்புறம் அவனை உலுக்கினேன்.

"எழுந்திருய்யா, என்னா தூக்கம் இது! ரெண்டு ராத்திரி ஆச்சு. ஷிப்டுக்கு நேரமாச்சு."

எழுந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். "ரெண்டு ராத்திரியா?"

"நடுவுல நான்தான் எழுப்பி ரொட்டியும் பாலும் குடுத்தேன். குடிச்சிட்டுத் திரும்பப் படுத்துட்ட. ஞாபகமில்லையா?"

திரையை விலக்கிப் பார்த்தான். அரை வெளிச்சம். கடிகாரத்தைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான், சரியாக வந்தது. தாடையைத் தடவினான். "தாடி வளரவே இல்லையே மொதலாளி?"

"இந்தக் குளிருக்குத் தாடி வளராதுய்யா. இங்க இருக்கறவன் எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஷேவ் பண்றான்."

நம்பினான். குளிர்காலத்தில் அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் பல தடவை வந்தவன்.

காலரிலிருந்து ஊசியை எடுத்தான். அதை மறைத்து வைக்காமல் விட்டுவிட்டிருந்தேன். முதல் குத்து போகவில்லை. இரண்டு. மூன்று. ஐந்தாவது குத்தில்தான் நூல் போனது. ஊசியைத் திரும்பக் காலரில் குத்தினான். அப்புறம் மெதுவாக, "கண்ணு போயிடுச்சு போல மொதலாளி. எங்கப்பனுக்கும் இந்த வயசுலதான் போச்சு" என்றான்.

நான் என்ன சொல்ல வேண்டும்? "ஊருக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கலாம். கிளம்பு" என்றேன்.

பன்னிரண்டு மணி நேரம் பார்த்தான். ஜன்னல் இல்லாத கோடவுன், தலைக்கு மேல் பட்டப்பகல் மாதிரி விளக்கு. அங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஷிப்டுக்கு நடுவில் சாப்பிடுவதை எந்த ஷிப்டாக இருந்தாலும் லஞ்ச் என்றுதான் சொல்வார்கள். லஞ்ச் என்று மணி அடித்தார்கள், அவனும் மத்தியானச் சாப்பாடு என்று நினைத்து இரண்டு வாய் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "டார்ச்சை இன்னும் கிட்ட பிடிங்க" என்றான். நான்தான் பிடித்தேன். இரண்டு ஷெட்டுக்கு மொதலாளி நான் டார்ச்சு பிடித்தேன், அதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டான். லாரி ஆறு மணிக்குக் கிளம்பியது.

எங்களுக்கு டாக்ஸி வர ஏழேகால் ஆனது. வெளியே வந்து நின்றோம். அவன் கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, சாயங்காலம்தானே இது?"

"ம்."

"இருட்டிட்டு வரணும்ல? வெளுக்குதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "விடியுதுய்யா! நேத்துக் காலையிலதான் வந்து எறங்கினோம்!" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. அவன் முகம் தெளிந்தது. "அப்போ என் கண்ணு போகலையா மொதலாளி?" என்று கேட்டான். அந்தப் பனியில் கை கூப்பிக்கூட நின்றிருப்பான், அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"அந்தப் பெட்டிங்களை நிறுத்தச் சொல்லுங்க."

"லாரி போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

"பதினோராவது பெட்டிக்கு மேல எனக்கு ஓட்டை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது மொதலாளி. வயசுன்னு நெனச்சு விட்டுட்டேன். நிறுத்தச் சொல்லுங்க."

"வண்டி வந்திருச்சு, ஏறு."

ஊர் வந்து சேர்ந்து பத்து நாளில் கடிதாசி வந்தது. மூன்று சாமானில் பிசிறு. வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் சோதனையிலேயே பிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் வண்டி பூட்டுகிற லைன் அரை நாள் நின்றுபோனது. இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள்: காரணம் என்ன, என்ன நடவடிக்கை எடுத்தாய்? என் மகனை விட்டு இங்கிலீஷில் பதில் எழுதச் சொன்னேன். காரணம், செக்கிங் ஆளின் கவனக்குறைவு. நடவடிக்கை, ஆளை நீக்கியாகிவிட்டது. ஆர்டர் நிலைத்தது. இரண்டாவது ஷெட் நிலைத்தது. மூன்றாவது ஷெட்டும் அந்த ஆர்டரில்தான் வந்தது.

கணக்கு முடிக்க வந்த அன்றைக்கு ஆபீசில் என் எதிரில் நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலை வேணாம் மொதலாளி. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. தூங்க விடாம கையெழுத்து வாங்கினோம்னு. நீங்க பொய் சொன்னீங்கன்னுகூட எழுத வேணாம்."

"நான் நாலாவது படிச்சவன். எனக்கு எழுத வராதுய்யா" என்றேன்.

மேஜை மேல் என் கைப்பட எழுதின சரக்குச் சீட்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தான். கணக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எழுத எனக்கு வரும். இதோ எழுதுகிறேனே.

ஓசூர் சின்ன ஊர், ஷெட்டுகள்தான் அதிகம். அமெரிக்காவில் பிசிறு விட்ட ஆள் என்று பேராகிவிட்டது. பர்கூர் பக்கம் கல் பாலிஷ் போடுகிற இடத்தில் இருக்கிறான் என்றார்கள், அப்புறம் எங்கேயோ கூலிக்குப் போகிறான் என்றார்கள். டார்ச்சையும் கேஜையும் அவன் கையில் யாரும் திரும்பக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் தூக்கம் கெட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். நன்றாகத்தான் தூங்கினேன்.

போன மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில்தான் பெங்களூரில் இறங்கினேன். அன்றைக்கு மத்தியானம் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு புதுக் கம்பெனியில் கூட்டம். புதிதாக ஏற்றுமதி தொடங்கும் பிள்ளைகளுக்கு, வெளிநாடு போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் பேச வேண்டும். "இன்னிக்குத்தானே வந்தீங்க, ரெஸ்ட் எடுக்க வேணாமாப்பா?" என்று மகன் போனில் கேட்டான். எனக்கா ரெஸ்ட்? நேராகப் போனேன். சீஃப் கெஸ்ட் வண்டி என்று கேட்டைத் திறந்து விட்டார்கள், உள்ளே போய்விட்டேன்.

இன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கினேன் என்று ஆரம்பித்து நன்றாகப் பேசினேன். "இறங்கினதும் வேலையைத் தொடாதீங்க. வெயில்ல நடங்க. ரெண்டு ராத்திரி தூங்குங்க. உடம்பு முன்னாடி வந்துடும், கண்ணு பின்னாடிதான் வரும்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. ஒரு பெண் எழுந்து, இது உங்கள் அனுபவமா சார் என்று கேட்டாள். எல்லாம் பட்டுத் தெரிஞ்சதும்மா என்றேன்.

திரும்பும்போது கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். செக்யூரிட்டி உடுப்பில் ஒரு ஆள் ரிஜிஸ்டரோடு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. காலரின் உள்பக்கத்தில் ஏதோ மின்னியது.

"உள்ள வந்தப்போ என்ட்ரி போடலீங்க ஐயா. வந்த நேரம் நான் எழுதிட்டேன். போற நேரம் நீங்க எழுதணும்."

ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரியும். மொதலாளி என்று கூப்பிடவில்லை.

"இங்கதான் இருக்கியா?" என்றேன்.

"இங்கதாங்க. பேச்சு ஸ்பீக்கர்ல நல்லாக் கேட்டுச்சு." ரிஜிஸ்டரைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினான். "ஊசியை மட்டும் விட்டுட்டீங்க."

"ஐயாவுக்கு நேரமாச்சு, நகருய்யா" என்றான் என் டிரைவர். அவன் நகரவில்லை. நான் பேனாவை வாங்கினேன். பேர், வண்டி நம்பர், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்தான். அவன் எதையும் படிக்காமல் விடுகிறவன் இல்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஒரு இடத்தில் வைத்துக் கோடு போட்டு அடித்தான். மேலே அழகாக ஒரு வார்த்தை எழுதினான். திரும்ப நீட்டினான்.

காலை ஆறு மணி என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மாலை என்று போட்டிருந்தான். கேட்டுக்கு வெளியே லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"திருத்தின எடத்துல ஒரு கையெழுத்து வேணும் ஐயா" என்றான். குரலில் கிண்டல் இல்லை. அது இருந்திருந்தால் நான் நன்றாகத் திட்டியிருப்பேன். "அவசரமில்லீங்க. இன்னிக்குக் காலையிலதானே வந்து எறங்கினதா உள்ள சொன்னீங்க. ரெண்டு ராத்திரி தூங்கிட்டு வந்துகூடப் போடுங்க. புக்கு இங்கதான் இருக்கும்."

நான் அங்கேயே போட்டேன். கோட்டின் மேல் போட்டேனா, கோட்டுக்குக் கீழே போட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பார்த்திருப்பான்.